மேலே உட்கார்ந்தவரும் கீழே நின்றவரும்

சடையன் முதுகில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்ட, பஸ் போகாத ஒரு மண் பாதை. காலை பத்து மணி இருக்கும். லேசான தூறல். இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒரு புள்ள! ஒடம்பு முடியாதவர தூக்கிக்கினு போவுது பாரு."

என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் புள்ளைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. இரண்டு மைலாக அவனை எந்தப் பள்ளத்திலும் தள்ளாமல் ஓட்டிக்கொண்டு வந்த மகராசன் நான். நல்ல பேர் மட்டும் எப்போதும் கீழே நிற்பவனுக்குத்தான்.

"கேட்டியா பாய்?" என்றான் சடையன். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கேட்டுது. நட."

நாங்கள் போய்க்கொண்டிருந்தது பெண் பார்க்க. பெண் சடையனுக்கு. பார்க்கிற வேலை எனக்கு.

என் கால்களின் கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே அழுது தீர்த்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கம்: இரண்டு வயதில் போலியோ. இரண்டு காலும் பேருக்கு இருக்கின்றன, அவ்வளவுதான். அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சி பஜாரில் குடையும் டிரங்குப் பெட்டியும் விற்கிற கடை. "இவன் கல்லாவுல ஒக்காந்தா போதும், நடக்கவா போறான்" என்று எனக்காகக் கடைசிவரை கவலையே படாத மனுஷன். அப்புறம் கடையை என் தம்பி பேருக்கு எழுதிவைத்தார். கல்லாவில் தம்பி உட்கார்ந்தான். நல்லா நடக்கிறவன், பாவம், உட்கார்ந்தே காலம் போயிற்று.

எனக்குக் கறுப்புக் கண்ணாடி

சடையனை நான் முதலில் பார்த்தது ஒரு முகாமில். ஊனமுற்றோருக்கு உதவி வழங்கும் விழா. பந்தல், மைக், மாலை எல்லாம் ஜாஸ்தி. குடிக்கத் தண்ணீர் கம்மி. மேடைக்கு ஏற ஒன்பது படிக்கட்டு. நடக்க முடியாதவர்களைக் கூப்பிட்டு நடத்துகிற விழாவுக்கு ஒன்பது படிக்கட்டு வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் ஒருவர் சிரித்த முகமாக என் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியையும் ஒரு வெள்ளைக் கோலையும் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். "சார், எனக்குக் கண்ணு தெரியுது" என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று கை குலுக்கினார்.

எனக்கு அடுத்த பேர் சடையன். அவனுக்கு மூன்று சக்கர வண்டி. கையால் பெடலைச் சுற்றி ஓட்டுகிற வண்டி. லிஸ்டில் ஒரு வரி மாறிவிட்டது போலிருக்கிறது. கீழே இறங்கியதும் குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். பேப்பரைத்தான் நம்பினார். "போட்டோ எடுத்தாச்சு தம்பி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

பந்தலுக்குப் பின்னால் போனால், சடையன் வண்டியில் ஜம்மென்று உட்கார்ந்து பெல் அடித்துக்கொண்டிருக்கிறான். மலையில் புளி மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. கையைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

"அது என் வண்டி" என்றேன் தரையிலிருந்து.

"இன்னா உன் வண்டி? சடையன்னு பேரு சொல்லி எனக்குக் குடுத்தாங்க."

"நீ இத ஓட்டிக்கினு எங்க போவ? மொத மரத்துலயே மோதிருவ."

"நீ அந்தக் கண்ணாடியப் போட்டுக்கினு இன்னா பண்ணுவ? மாப்புள்ள மாதிரி திரிவியா?"

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். வண்டியை எனக்குத் தருவான். பதிலுக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனை அதில் உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டும். ஒரு ஆள் உட்காரும் வண்டியில் இரண்டு பேர். மடியில் அந்தப் புளி மூட்டைக்காரனை வைத்துக்கொண்டு நான் பெடலைச் சுற்றிய சுற்றில் தோள்பட்டை இன்றைக்கும் மழை நாளில் வலிக்கும். அவன் வழியெல்லாம் பெல் அடித்தான்.

ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு

பிறகு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் காலம் வந்தது. ஊனமுற்றோருக்கு முன்னுரிமை என்றார்கள். நானும் மனு போட்டேன், சடையனும் போட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது ஒரே இடம். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருத்தன் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்த ஓர் அதிகாரி, "ரெண்டு பேரும் சேந்து வெச்சிக்கோங்க" என்று எழுதி அனுப்பிவிட்டார். வாழ்க்கையில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியத்தைச் செய்தவர் அவர். சோம்பேறித்தனத்தில் செய்தார், அது வேறு விஷயம்.

நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் பெட்டி. பட்டன்களைத் தடவி நம்பர் போடுவது சடையன். மீட்டரைப் பார்த்து பில் கிழிப்பது நான். கரும்பு வெட்டுக்கு ஆள் கேட்டு மூங்கில்துறைப்பட்டுக்குப் போன் போடுகிறவர், துபாயில் இருக்கும் மகனிடம் அழுகிற வடக்கனந்தல் அம்மா, கருணாபுரத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வருகிற பெண், எல்லோர் நம்பரும் சடையனுக்கு மனப்பாடம். ஒருத்தர் தினமும் வந்து, "நான் சேலத்துல இருக்கேன் செல்லம்" என்று பெண்சாதியிடம் சொல்லுவார். பின்னால் கண்டக்டர் "சங்கராபுரம், சங்கராபுரம்" என்று கத்திக்கொண்டிருப்பார். சடையன் பாவப்பட்டு எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்துவான்.

வண்டி போகாத இடமெல்லாம் அவன் முதுகுதான் எனக்கு வண்டி. முதலில் "வலப்பக்கம், எடப்பக்கம், மாடு, மாடு" என்று கத்திக்கொண்டு போவேன். கள்ளக்குறிச்சி ஜனம் சும்மா இருக்குமா? பின்னாலேயே நாலு பேர் கூட்டம் வரும், "ரைட்ல ஒடி, ரிவர்ஸ் எடு" என்று. மானம் போயிற்று. அதனால் சத்தமில்லாத ஏற்பாடு ஒன்று செய்துகொண்டோம். வலது தோளில் தட்டினால் வலது. இடது தோளில் தட்டினால் இடது. உச்சந்தலையில் கை வைத்தால் நில். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் முட்டியில் ஒரு தட்டு தட்டினால், எதிரில் யாரோ எதையோ நீட்டுகிறார்கள், வாங்கிக்கொள் என்று அர்த்தம்.

இதில் நாங்கள் எவ்வளவு தேறிவிட்டோம் என்றால், டீக்கடையில் புதிதாகச் சேர்ந்த மாஸ்டர் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டார்: "ஏன் பாய், இவருக்குக் கண்ணுல எதனா கோளாறா?" எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் எங்களைப் பெண் வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கொஞ்சம் மங்கல்

சடையனுக்கு அதற்கு முன்னால் மூன்று இடம் பார்த்தாகிவிட்டது. மூன்று இடத்திலும் "யோசிச்சு சொல்றோம்" என்றார்கள். யோசனை இன்னும் முடியவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு அவன் பூத்தில் யாருக்கோ நம்பர் தப்பாகப் போட்டான். அவனுக்கு நம்பர் தப்பி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "எனக்கும் ஒரு வூடு, ஒரு புள்ளன்னு ஆவாதா பாய்?" என்று கேட்டான். நான் ஏதோ கிண்டலாகச் சொல்லி மழுப்பினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அவன் சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாலாவது இடத்தைக் கொண்டுவந்தது அவனுடைய தாய்மாமன் பொன்னன். பொய் சொல்வதில் மனுஷனுக்கு ஒரு தர்மம் உண்டு. முழுப் பொய் சொல்ல மாட்டார். பெண் வீட்டில் "மாப்புள்ளைக்குக் கண்ணு தெரியாது" என்றும் சொல்லவில்லை, "தெரியும்" என்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் மங்கல்" என்று சொல்லிவைத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.

தூறலில் நாங்கள் அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது ஊரே திரண்டிருந்தது. வரப்பு மேல், ஓடைக் கல் மேல், ஒரு ஆளை முதுகில் வைத்துக்கொண்டு சடையன் அடிபிசகாமல் வந்ததை எல்லோரும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் கை அவன் தோளில் தட்டியது யார் கண்ணிலும் படவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா வெள்ளையன் ஓடி வந்து சடையன் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு மங்கலுன்னு சொன்னாரே பொன்னன்! இன்னா மங்கல்? ஒரு ஆளையே தூக்கிக்கினு மலை ஏறி வந்துட்டாரு! எனக்கே இந்த ஓடைக்கல்லு வழுக்குதுங்க!"

எங்களுக்கு முன்னாடியே வந்திருந்த பொன்னன் மாமா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். வாயைத் திறக்காதே என்று. மருமகனுக்குக் கண் தெரியாததில் அவருக்கு இருந்த ஒரே சௌகரியம் அதுதான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் நாலாவது யோசனை. சொல்லாவிட்டால் ஒரு பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைத்த பாவம். நான் என்ன செய்தேன்? பாயில் உட்கார்ந்து, "நல்லா மழை போல இருக்குதுங்களே" என்றேன்.

அந்த டம்ளர்

வெள்ளையன் பேச ஆரம்பித்தார். ஒரே மகள். பேர் அஞ்சலை. மரவள்ளிக் கொல்லை இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. "அதனால மாப்புள்ள இங்கயே வந்துறணும். வூட்டோட மாப்புள்ளையா இருந்துக்கணும். அது ஒண்ணுதாங்க நாங்க கேக்கறது."

நான் சடையனைப் பார்த்தேன். 'பூத் இருக்குதுங்க, வர முடியாது' என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னது, "அதுக்கென்னங்க, பேசிக்கலாம்."

பேசிக்கலாமா? யாரைக் கேட்டு?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அவன் கல்யாணம் கண்ணில் தெரியவில்லை. பூத்தில் நான் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தம்பி வீட்டில் ஒரு மூலையில் கிடப்பது தெரிந்தது. கோமுகி அணை, சினிமாக் கொட்டகை, சங்கராபுரம் சந்தை, பெரியார் அருவி என்று அவன் முதுகில் நான் போன இடமெல்லாம் இனிமேல் இல்லை என்று தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. பயத்தில் கோபம் வந்தது. என் சினேகிதனுக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாது என்று, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் மனசார நினைத்தேன்.

அப்போது அஞ்சலை உள்ளேயிருந்து வந்தது. மாநிறம். கொண்டையில் ஏதோ காட்டுப்பூ. நெற்றியில் தழும்பு. கையில் சுடச்சுட வரக்காப்பி டம்ளர். நேராக சடையனுக்கு முன்னால் வந்து குனிந்து நீட்டியது.

என் கை சடையன் முட்டி மேல் இருந்தது. ஒரு தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தட்டவில்லை.

சடையன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டம்ளர் அப்படியே நின்றது. முதலில் கூச்சம் என்று நினைத்தார்கள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அஞ்சலை டம்ளரை மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்தியது. அந்தப் பக்கம் நகர்த்தியது. சடையன் கண் நகரவில்லை.

அந்தப் பெண் கத்தவில்லை, பின்னால் போகவும் இல்லை. குனிந்தபடியே சடையனின் கையை எடுத்து டம்ளரை அதில் வைத்தது. பிறகு நிமிர்ந்து பொன்னன் மாமாவைப் பார்த்துக் கேட்டது: "நீங்க சொன்ன மங்கல் இதானுங்களா?"

பொன்னன் மாமாவுக்குத் திடீரென்று வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது.

"மங்கல் இல்லீங்க" என்றான் சடையன். "சுத்தமா தெரியாது. அஞ்சு வயசுல அம்மை போட்டு ரெண்டும் போயிட்டுது. மாமா இப்பிடிச் சொல்லி வெச்சது எனக்கு இங்க வந்துதான் தெரியும்."

"அப்ப மலை ஏறி வந்தது?" என்றார் வெள்ளையன், அடிபட்ட மாதிரி.

"மேல இருந்தவரு பாத்தாரு. கீழ இருந்தவன் நடந்தான்."

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. முதல்முறையாக எனக்கு உண்டான மரியாதை கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் முகம் இல்லை.

வெள்ளையன் தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சு சொல்றோமுங்க."

எறக்கு

மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தோம். நான் தட்டினேன், அவன் திரும்பினான். அவன் முதுகுச் சூடு என் நெஞ்சில் பட்டுக்கொண்டே வந்தது. எனக்குத் துரோகம் செய்தவன் முதுகில் நான் உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நான் துரோகம் செய்தவன் முதுகில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மதகு வந்தது. "எறக்கு" என்றேன்.

"ஒண்ணுக்கா?"

"இல்ல. எறக்குடா."

மதகுக் கல்லில் உட்கார வைத்தான். சொல்லிவிட்டேன். "சடையா, நான் வேணும்னேதான் தட்டல. நீ மலைக்கே வந்துருவியோன்னு பயம். கெடுக்கணும்னுதான் பண்ணேன்."

"தெரியும்" என்றான்.

"எப்பிடி?"

"உன் கை என் முட்டி மேலதான கெடந்துச்சு. அசையவே இல்ல. நீயா சொல்றியான்னு பாத்துக்கினு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாலதான் இது கெட்டுது" என்றேன்.

இதைக் கேட்டதும் சடையனுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "உன்னாலயா? அட, நீ இன்னா அவ்ளோ பெரிய ஆளா? காப்பி வாசனை மூக்குல ஏறுது. வளையல் சத்தம் காதுகிட்ட கேக்குது. ஆவி மூஞ்சியில அடிக்குது. டம்ளர் எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? நீ ஜொரம்னு வூட்டுல படுத்துக்கற நாள்ல டீக்கடையில எனக்கு யாரு தட்டறாங்க? உன் அத்தாவா?"

"அப்ப ஏன் வாங்கல?"

"வாங்கியிருந்தா, கண்ணு தெரியும்னு நம்பி அந்தப் பொண்ணு கழுத்த நீட்டியிருக்கும். அப்பால? வாசல்ல அவங்க அப்பா பேசனப்பவே புரிஞ்சிபோச்சு. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம ஒக்காந்திருந்தேன். டம்ளர் வந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக நான்தான் அவனுக்குக் கண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அந்த மதகுக் கல்லில் எனக்கு வேலை போயிற்று.

"கெட்டது என்னால. ஆனா நீ கெடுக்க நெனச்ச இல்ல?" என்றான். "அதுக்கு ஒரு வாரம் உங்கிட்ட பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறு."

மூணாவது ஆளு

நாலு பேர் நிற்கும் பெட்டிக்குள் இரண்டு பேர் பேசாமல் இருந்து பாருங்கள், தெரியும். சடையன் சொன்ன சொல் தவறாதவன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போன் பேச வந்தவரிடம் சொல்லுவான்: "ஐயா, அந்த ஆளுகிட்ட பில்லக் கிழிக்கச் சொல்லுங்க." நானும் விடுவேனா? "அம்மா, அந்த ஆளுகிட்ட கோட் நம்பர் தப்பா போட்டுட்டாருன்னு சொல்லுங்க." ஒருத்தர் பொறுக்க முடியாமல், "நான் எம்பொண்ணுகிட்ட பேச வந்தேங்க, உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பேச வரல" என்று திட்டிவிட்டுப் போனார்.

ஆறாவது நாள். உச்சி வெயில். என் வண்டி பஞ்சர் கடையில் கிடந்தது. சடையன் எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போயிருந்தான். போன் அடித்தது.

"அல்லோ. பேசறது யாருங்க? மேல ஒக்காந்தவரா, கீழ நின்னவரா?"

அஞ்சலை.

"மேல" என்றேன்.

"அவரக் குடுங்க. அவரு மாமாகிட்ட நம்பர் வாங்கி வெள்ளிமல போஸ்ட் ஆபீசுலேந்து பேசறேன். லைன் எப்ப போவும்னு தெரியாது. பொழுது சாயறதுக்குள்ள எங்கப்பா வேற எடத்துக்கு வாக்குக் குடுத்துருவாரு. அவருகிட்ட ஒண்ணு கேக்கணும், அப்பால நான் எங்கப்பாகிட்ட சொல்லணும். சீக்கிரம்."

"அவர் இல்லையே" என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, பொன்னன் மாமா சொல்லுகிற ரகம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"வெச்சிறாதம்மா. தோ, கூட்டியாறேன்" என்றேன்.

ரிசீவரைப் பலகை மேல் வைத்துவிட்டு, "சடையா!" என்று கத்தினேன். டீக்கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு பஸ் நின்று உறுமிக்கொண்டிருந்தது. தூரத்தில் போன ஒரு கண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போனார். எப்போதும் ஈ மாதிரி மொய்க்கிற பூத்தில் அந்த நேரம் பார்த்து ஒருத்தர் இல்லை.

நான் நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினேன்.

வீட்டுக்குள் தவழ்ந்துதான் போவேன். தெருவில் தவழ்ந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை தவழ்ந்தேன், அதற்கு வைத்த பேர் பத்தாவது முடிக்கிற வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வண்டி, இல்லாவிட்டால் முதுகு. இரண்டும் இல்லாவிட்டால் போகவே மாட்டேன். அவ்வளவு ரோஷம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ரோட்டில், பட்டப்பகலில், உள்ளங்கையை ஊன்றித் தவழ்ந்து போனேன். தார் கொதித்தது. சட்டையெல்லாம் எண்ணெயும் சாணியும். ஒரு பஸ் டிரைவர் பிரேக் போட்டுத் திட்டினார். எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்று போனேன். "சடையா! சடையா!"

டீக்கடை பெஞ்சில் இருந்தவன் தலையைத் தூக்கினான். காதைச் சாய்த்தான். முகம் மாறிவிட்டது.

"இன்னா பாய், உன் சத்தம் கீழேந்து வருது?"

ஒரு வாரம் முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. மறந்துவிட்டான்.

"போன்ல அஞ்சலை. லைன்ல நிக்குது. ஓடு!"

அவன் ஓடவில்லை. குனிந்து கையால் துழாவி என் தலையைக் கண்டுபிடித்தான். என் உள்ளங்கையைத் தடவினான். தோல் உரிந்திருந்தது. என்னை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டான்.

"என்ன வுட்டுட்டுப் போடா, லைன் கட்டாயிரும்!"

"தட்டு பாய்" என்றான். "ஒழுங்கா தட்டு."

தட்டினேன். இடது, வலது, பஸ்ஸுக்கு நில், இடது. அவன் ஓடிய ஓட்டத்தில் என் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. பூத்துக்குள் என்னை நாற்காலியில் இறக்கக்கூட நேரமில்லாமல் வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தான். நான் எட்டிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

அஞ்சலை என்ன கேட்டது, அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி வழியாக அவன் தலை ஆடுவது மட்டும் தெரிந்தது. மூன்று நிமிஷம். கதவு திறந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றான்.

"சரிங்குது பாய். ஆனா பூத்த வுடக் கூடாதாம், அதுவே இங்க வந்துருமாம்."

எனக்கு அடக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அந்த நேரம் பார்த்துப் போன் பேச வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பூத் வாசலில் அழுகிறவர்களை அவர் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்.

"யாருக்கு பாய், இன்னா ஆச்சு?" என்றார் மெதுவாக.

"கல்யாணங்க" என்றேன்.